முதியோர் இல்லத்துத் தூய்மை யாருக்காக?

முதியோர் இல்லங்கள் துப்புரவாகவும் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைத் துப்புரவு என்று சொல்வது, அது யாருக்காக என்ற இடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன. சமய மரபுகளில் தூய்மை இரண்டு பொருளில் வழங்குகிறது. அழுக்கும் கிருமியும் நாற்றமும் நீங்குவது ஒன்று. தீட்டு நீங்குவது மற்றொன்று. முதுமையில் தளர்ந்துபோன உடல் இரண்டையும் ஒருசேரச் சோதிக்கிறது. மலசலத்தை அடக்க முடியாத ஒருவர் ஆசார நோக்கில் தீட்டுப்பட்டவர்; அவரைத் தொட்டுக் கழுவுபவருக்கும் அந்தத் தீட்டு ஒட்டிக்கொள்கிறது. எனவே முதியோர் இல்லத்தின் பராமரிப்பு நிர்வாகக் காரியம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. தன் உடலைத் தானே தூய்மை செய்துகொள்ள முடியாதவருக்கு என்ன மதிப்பு, அவரைத் தூய்மை செய்பவருக்கு என்ன மதிப்பு என்ற அறக்கேள்விகள் அதனுள் இருக்கின்றன.

இதற்குப் பழைய, நேரடியான பதில் ஒன்று பௌத்த விநய பிடகத்தின் மகாவக்கப் பகுதியில் இருக்கிறது. வயிற்றுக்கடுப்பால் துவண்ட ஒரு பிக்கு தன் மலசலத்திலேயே விழுந்து கிடக்கிறார். தன் சீடர் ஆனந்தரோடு அந்தப் பக்கம் வந்த புத்தர், உன்னைக் கவனிக்க யாரும் இல்லையா என்று கேட்கிறார். தன்னால் மற்ற பிக்குகளுக்கு எந்த உதவியும் இல்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை என்கிறார் நோயாளி. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில் இல்லாத பிக்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், தனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று விதிக்கிறார். கதையை எல்லோரும் சொல்வார்கள். அதை அடுத்து வரும் பட்டியலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவருக்கு ஐந்து இயல்புகள் சொல்லப்படுகின்றன. மருந்து தயாரிக்கத் தெரிந்திருப்பது, எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருப்பது, ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பினால் செய்வது, நல்ல பேச்சால் தேற்றுவது ஆகியவற்றோடு, மலமும் சிறுநீரும் வாந்தியும் எச்சிலும் அகற்ற அருவருப்படையாமையும் அதில் ஒன்று. அருவருப்பை அடக்குவது இங்கே பயிற்சியால் அடையவேண்டிய திறமையாகவே எண்ணப்படுகிறது.

மற்ற மரபுகளும் இதே இடத்தைத் தொட்டிருக்கின்றன. முதுமையை எட்டிய பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்பது குர்ஆனின் கட்டளை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த விரிவுரையாளர் முஜாஹித் இதற்குத் தந்த விளக்கம் கூச்சமற்றது: அவர்கள் தங்களை அறியாமல் அசுத்தமாக்கிக்கொள்ளும்போது முகம் சுளிக்காதே; நீ சிறு பிள்ளையாக இருந்தபோது உன்னைச் சுத்தம் செய்கையில் அவர்கள் சுளிக்கவில்லை. தொழுகைக்கு உடல் தூய்மையைக் கட்டாயமாக்கும் அதே மார்க்கத்தின் சட்டவியலாளர்கள், சிறுநீர் கட்டுப்படாதவரைத் தொழுகையிலிருந்து விலக்கி வைக்காமல் சலுகை வகுத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற விதிகள் நோயாளிகளுக்குத் தனி அறை ஒதுக்குகின்றன. வேண்டிய போதெல்லாம் அவர்களுக்குக் குளியல் உண்டு. உடல்நலம் உள்ள இளம் துறவிகளுக்கு அது அரிது. மடத்தின் பாத்திரம் பண்டங்களைப் பலிபீடத்துப் புனிதக் கலங்களைப்போலப் பேண வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

இந்திய மருத்துவ மரபு அன்பை மட்டும் நம்பி நிற்கவில்லை. சரக சம்ஹிதை மருத்துவத்தின் நான்கு கால்களில் ஒன்றாகப் பணியாளரை வைத்து, அவருக்குப் பணிவிடை முறை அறிதல், திறமை, நோயாளியிடம் பற்று, தூய்மை என நான்கு குணங்களைக் கேட்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்ற நான்கு கூறுகளோடுதான் முடிகிறது. சரகர் கேட்ட நான்கு குணங்களில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தா காளிகாட்டில் 1952-இல் அன்னை தெரசா தொடங்கிய இல்லத்தைப் பற்றிய விவாதம் ஓர் எடுத்துக்காட்டு. தெருவில் சாகக் கிடந்தவர்களை எடுத்துக் கழுவிக் கிடத்திய அந்தப் பணியின் மனிதத்தை மறுத்தவர்கள் குறைவு. 1994-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கு சென்று பார்த்துவிட்டு, முறையாக நோய் கண்டறிவதும் வலியைத் தணிக்கும் வலுவான மருந்தும் அங்கே போதவில்லை என்று எழுதினார். பற்று இருந்தது, முறை குறைந்தது என்பதே அந்தக் குறையின் சாரம். பக்தி மிகுந்த இடங்களில் இந்தக் குறை எளிதில் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. அதனாலேயே அதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ச் சைவம் துப்புரவுப் பணியை வழிபாட்டின் உச்சத்திலேயே வைத்தது. திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்தார். அவர் தம்பி திருநாவுக்கரசர் உழவாரத்தைக் கையில் ஏந்தி, கோயில் திருமுற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார். இன்றும் அடியார்கள் கூடிக் கோயில்களில் உழவாரப்பணி செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெருமை கோயில் மதிலைத் தாண்டவில்லை. இறைவனின் முற்றத்தைக் கூட்டுவது புண்ணியம். கிழவர் படுத்திருக்கும் அறையைக் கழுவுவது கூலி வேலை, அதிலும் குறிப்பிட்ட சாதியாரின் தலையில் கட்டப்பட்ட வேலை. உயிர்கள்தோறும் இறைவன் இருக்கிறான் என்று பேசும் ஒரு மரபு, துடைப்பம் விஷயத்தில் இப்படி நின்றுபோனதற்குத் தத்துவத்தில் நியாயம் கிடையாது.

நடைமுறையில் இந்தத் தூய்மை எப்படிப்பட்டது? படுக்கையோடு இருக்கும் ஒரு மூதாட்டியின் டயப்பரை மாற்றும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் திரை இழுக்கப்பட வேண்டும். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். நினைவு மங்கியவரிடமும் சொல்ல வேண்டும். முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், இல்லையேல் சிறுநீர்த் தொற்று வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதிய தோல் தேய்த்தால் உரிந்துவிடும். ஈரம் முற்றிலும் போன பிறகே களிம்பு. முதுகுத்தண்டின் கீழ்முனையும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் படுக்கைப்புண் அங்கேதான் தொடங்கும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது இரவெல்லாம் அழுத்தும். அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கையுறையை மாற்றிக் கையைக் கழுவ வேண்டும். இத்தனையும் முடிந்தால் அவர் தூய்மையாக இருக்கிறார் என்று பொருள். பார்வையாளர் கண்ணுக்கு இவற்றில் ஏறக்குறைய எதுவும் தெரியாது.

பார்வையாளருக்குத் தெரிவது தரை, மூக்குக்குத் தெரிவது பினாயில். வாசலிலேயே பினாயில் வாடை தூக்கி அடிக்கும் இல்லம் சுத்தமான இல்லம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வாடை பெரும்பாலும் வேறொரு வாடையை மூடுவதற்கே ஊற்றப்படுகிறது. மூத்திரம் தேங்கிய தரையில் நேரே பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு எழும். முதலில் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு அது கலந்தால் குளோரின் வாயுவே வெளிப்படும். நுரையீரல் தளர்ந்தவர்கள் வாழும் இடத்தில் சுத்தம் என்ற பெயரில் செய்யும் இந்தக் காரியம், யாருக்காகச் சுத்தம் என்ற கேள்வியைத் திரும்பவும் கிளப்புகிறது.

வசிப்பவருக்கும் சொந்தமாக ஒரு தூய்மை உணர்வு உண்டு. ஈரத்துணியால் துடைத்துவிடுவது மருத்துவப்படி போதுமானது. ஆனால் வாழ்நாளெல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தவருக்கு அது குளியலே ஆகாது; குளிக்காமல் விபூதி பூசவோ நாமம் இடவோ மனம் ஒப்பாது. மலம் கழித்தபின் தண்ணீரால்தான் கழுவ வேண்டும் என்பவரிடம் காகிதத்தை நீட்டுவது அவரை அழுக்கோடு விடுவதற்குச் சமம். இவற்றுக்கு வழி செய்வது பராமரிப்பின் ஒரு பகுதியே. ஆனால் வசிப்பவரின் ஆசாரம் இன்னொருவரின் மதிப்பைத் தொடும் இடத்தில் எல்லை வருகிறது. இன்னார் சமைத்தால் உண்ணேன், இன்னார் தொடக்கூடாது என்ற கோரிக்கைக்கு ஓர் இல்லம் இணங்கத் தேவையில்லை. விருப்பத்தை மதிப்பதும் சாதியைப் பேணுவதும் வேறு வேறு.

பாதுகாப்பில் கேள்வி இன்னும் கடுமையாகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. ஓடிவிடக்கூடாது, தங்களைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடாது என்பதே சங்கிலிக்குச் சொல்லப்படும் காரணம். அது முதியோர் இல்லம் அல்ல. ஆயினும் விழுந்துவிடுவார் என்று கிழவரைச் சேலைத்துணியால் நாற்காலியோடு கட்டுவதிலும், இரவில் அறைக்கதவை வெளியே பூட்டுவதிலும் அதே தர்க்கம் வேலை செய்கிறது. கட்டப்பட்டவரின் தசை இளைக்கிறது, புண் வருகிறது. அவிழ்த்துவிடும் நாளில் முன்னைவிட எளிதாக விழுகிறார். அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டின் முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஊழியர் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டிப்போடப்படாமல் இருப்பதை வசிப்பவரின் உரிமை ஆக்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1991-இல், நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூர் இல்லத்தில் மருத்துவராகச் சேர்ந்த பில் தாமஸ் அதற்கும் அப்பால் போனார். இல்லம் ஒழுங்காகவும் சுத்தமாகவும் இருந்தும், உள்ளே இருப்பவர்கள் தனிமையாலும் சலிப்பாலும் கையாலாகாமையாலும் சாகிறார்கள் என்பது அவர் கணிப்பு. இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு பறவைகள், அறைதோறும் செடி என்று உள்ளே கொண்டுவந்தார். பறவைகள் வந்த நேரத்தில் கூண்டுகள் வரவில்லை. ஒப்பனை அறையில் பறவைகளைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. சுகாதார விதிகளைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது. நாய் எச்சத்தை யார் அள்ளுவது என்ற சண்டையும் வந்தது. ஆனால் பேசாதிருந்தவர்கள் பேசினார்கள், நடக்காதிருந்தவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள், மருந்துச் செலவு குறைந்தது. எந்த அசுத்தமும் இல்லாத இடத்தில் பல சமயம் எந்த வாழ்வும் இருப்பதில்லை என்று இதிலிருந்து வாதிட இடமுண்டு. 2020-இல் பெருந்தொற்றின்போது அமெரிக்க இல்லங்களில் பார்வையாளர் வருகை நிறுத்தப்பட்டு, பலர் உறவினர் முகம் காணாமலே இறந்தபோது அந்த வாதம் வேறொரு கோணத்தில் திரும்பி வந்தது. கிருமியைத் தடுப்பது அன்று அவசியமாக இருந்தது. எவ்வளவு காலம், யாருடைய சம்மதத்தோடு என்பதைத்தான் யாரும் வசிப்பவரிடம் கேட்கவில்லை.

சமய வாழ்வும் பாதுகாப்பும் மோதும் இடங்கள் சில மிகச் சிறியவை. நிலைவாசற்படியில் திருமகள் இருப்பதாக எண்ணி மஞ்சள் பூசிக் குங்குமம் இடுபவர்களுக்கு, படியை இடித்துச் சரிவு போடுவது உறுத்தும். ஆனால் வாக்கர் தட்டி இடுப்பெலும்பு முறிவதும் அதே படியில்தான். நிலையின் இருபுறமும் பொட்டிட இடம்விட்டுப் படியை மட்டும் நீக்குவது போதுமான சமரசம். ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கோ கற்பூரமோ ஏற்றுவதில் சமரசத்துக்கே இடமில்லை. அங்கே மரபே வழிவிடுகிறது: பொருளின்றி மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய திருநின்றவூர்ப் பூசலாரைப் பெரியபுராணம் நாயன்மார் வரிசையில் வைத்திருக்கிறது. சிவன் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி, முதலில் அந்த மனக்கோயிலுக்கே எழுந்தருளினார் என்பது கதை. படுத்தபடியே செய்யும் மானச பூசை குறைபட்ட பூசை அல்ல என்று ஒரு மூதாட்டிக்குச் சொல்ல இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஒருவர் இறந்தபின் அறையைக் கழுவுவதில் தீட்டும் கிருமிநீக்கமும் ஒன்றாகச் சேர்கின்றன. இரவோடு இரவாகப் பின்வாசல் வழியே உடலை அனுப்பிவிட்டு, காலையில் புது விரிப்போடு கட்டிலைக் காட்டும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. மற்றவர்கள் கலங்கக்கூடாது என்பது காரணம். அவர்கள் கலங்கத்தான் செய்கிறார்கள். கூடுதலாக, தங்கள் மரணமும் இப்படித்தான் துடைக்கப்படும் என்று தெரிந்துகொள்கிறார்கள். அறையைக் கழுவுமுன் விளக்கேற்றியோ செபம் சொல்லியோ உடனிருந்தவர்கள் விடைகொடுக்க நேரம் தருவதால் எந்தத் தொற்றும் பரவிவிடாது.

இனி, இந்த வேலையைச் செய்பவர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதையும் மாநில அரசு அமைக்கலாம் என்ற அளவில்தான். கட்டடத்தை அமைத்துவிடலாம். அருவருப்படையாத ஆளை அரசாணையால் உண்டாக்க முடியாது. அன்போடு செய் என்று பணி ஒப்பந்தத்தில் எழுதவும் முடியாது. ஆனால் அன்புக்கு இடமில்லாமல் போகும்படி வேலையை அமைக்க முடியும், பல இடங்களில் அதுதான் நடக்கிறது. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிவிட வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ முறை. ஒருவரைத் திருப்பி, நனைந்திருந்தால் மாற்றி, விரிப்பை இழுத்துவிட ஆறு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவர்கள் இருபது பேர் இருக்கும் கூடத்தில் இராப்பணியில் ஒரே ஓர் ஆயா இருந்தால், ஒரு சுற்று முடிய நூற்றிருபது நிமிடம் ஆகும். உடனே அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். தண்ணீர் கேட்பவருக்குத் தரவும், பயந்து கூப்பிடுபவர் அருகில் உட்காரவும், கை கழுவவும் அந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அந்த ஆயாவிடம் புத்தர் சொன்ன ஐந்து குணங்களையோ சரகர் கேட்ட நான்கையோ எதிர்பார்க்கும் நிர்வாகம், முதலில் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.