பின்னால் அமர்ந்தவர் உயிரும் அமானிதமே

வியாபாரம் செய்கின்ற நம்மவர்க்கு அமானிதம் என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. ஊருக்குப் பயணப்படும் ஒருவர் தம் கைப்பொருளை நம்மிடம் ஒப்படைத்துச் செல்கிறார். எவ்வளவு இலாபம் வரும் என்று தோன்றினாலும் நாம் அதைத் தொடுவதில்லை. நம் சொந்த முதலைத் துணிந்து ஒரு சரக்கில் போடலாம்; நட்டம் வந்தால் நாமே தாங்குவோம். பிறர் பொருளில் அந்த உரிமை நமக்கில்லை. பணத்தில் இத்துணைக் கண்டிப்புள்ள நாம், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறி அமரும் மனிதரின் உயிரில் அதே கண்டிப்பைக் காட்டுகிறோமா? இதுவே நாம் ஆராய விரும்பும் கேள்வி.

1958-ஆம் ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ, ஹோண்டா வண்டிகளை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். அன்று தொட்டு, ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் அச்சிறு வண்டி கடைக்காரர்களின் கால்களாகவே ஆகிவிட்டது. சந்தைக்கும் கிட்டங்கிக்கும் போவது அதில்தான். கடை சாத்திய பின் சிப்பந்திகள் இருவர் ஒன்றாக இருப்பிடம் திரும்புவதும் அதில்தான். அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும், மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

பின்னால் ஓர் ஆள் ஏறினால் என்ன மாறுகிறது? வண்டியின் எடை ஏறத்தாழ 100 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ என்று கொள்வோம். இன்னும் 60 கிலோ ஏறினால் மொத்தப் பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மீது விழுவதால், முன்சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, கைப்பிடி இலேசாகி, வண்டி அலைபாய்கிறது. பிரேக் பிடிக்கும்போது பின்னிருப்பவரின் உடல் முன்னோக்கிச் சரிந்து ஓட்டுபவரைத் தள்ளுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே முன்செல்லும் வாகனத்திற்கு வழக்கமாக விடும் இடைவெளி, இருவர் செல்லும்போது போதாது. பின்டயருக்குக் காற்றுக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு தரப்படும் கையேட்டிலேயே உண்டு. மழை பெய்த சாலையில் வெள்ளைக் கோட்டின் மீதோ, இரும்பு மூடியின் மீதோ திடீரெனப் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும்.

“அவராகத்தானே ஏறினார், ஆபத்து உண்டென்று அவருக்குத் தெரியாதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூட்டு வியாபாரத்தில் பங்காளி நட்டத்தையும் ஏற்கிறார் அல்லவா? ஆம், ஏற்கிறார். ஆனால், பங்காளிக்குப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை உண்டு. வேண்டாமென்றால் விலகும் வழியும் உண்டு. பின்னால் அமர்ந்தவருக்கோ எதிரே தெரிவது ஓட்டுபவரின் முதுகு மட்டுமே. டயர் தேய்ந்திருப்பதையோ, ஓட்டுபவர் நேற்றிரவு கண் விழித்திருந்ததையோ அவர் அறியார். கைப்பிடி அவரிடம் இல்லை. பிரேக் அவரிடம் இல்லை. ஓடும் வண்டியிலிருந்து இறங்கவும் இயலாது. கணக்கைக் காட்டாமல் பெற்ற சம்மதம் முழுச் சம்மதம் ஆகுமா? எந்த வியாபாரியும் ஆகும் என்று சொல்லமாட்டார்.

அவரே “நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள்” என்று முதுகில் தட்டினால்? அப்போதும் பொறுப்பு நீங்கிவிடாது. பொருளை ஒப்படைத்தவரே வந்து “அதைச் சூதில் வைத்து ஆடுங்கள்” என்று சொன்னாலும் நாணயமுள்ளவர் ஆடுவாரா? பொருளை அவர் கையில் திருப்பித் தந்துவிடுவார். அவ்வாறே ஓட்டுபவரும், “பத்து நிமிடம் பிந்தட்டும், இல்லையேல் டாக்சியில் செல்லுங்கள்” என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

பின்னிருப்பவருக்கும் கடமை இல்லாமலில்லை. கால்களை மிதியில் ஊன்றி, ஓட்டுபவரின் இடுப்பையோ இருக்கைப் பிடியையோ பற்றி, வளைவில் அவரோடு சேர்ந்து சாய வேண்டும்; எதிர்ப்புறம் சாய்வது வண்டியைத் தடுமாறச் செய்யும். ஒரு கையில் சாமான் மூட்டையும் மறு கையில் தொலைபேசியுமாக ஏறுவது தகாது. பயமாக இருந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும். கூச்சத்தால் காக்கும் மௌனம் மரியாதை ஆகாது.

இனி, முதலாளிமார்களாகிய நம்மிடமே வருவோம். நள்ளிரவில் கடையைச் சாத்திவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த பையனிடம், “இவனையும் ஏற்றிக்கொண்டு போ” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவனால் மறுக்க முடியுமா? சம்பளம் கொடுப்பவர் சொல் அது. வண்டியை அவன் ஓட்டினாலும், இரண்டு உயிர்களையும் சாலையில் அனுப்பியவர் நாமே. பழைய டயரை மாற்றும் செலவு, இரண்டாவது தலைக்கவசம் வாங்கும் செலவு, தூக்கம் மிகுந்த இரவில் டாக்சிக்குக் கொடுக்கும் கூலி ஆகியவை கடைச் செலவில் எழுதப்பட வேண்டியவை. அவற்றை எழுதாமல் காட்டும் இலாபம் பொய்க்கணக்கே.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. மலேசியாவில் 1973-ஆம் ஆண்டு விதிகளின்படி ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் தலைக்கவசம் அணிந்தாக வேண்டும். சிங்கப்பூரில் 10 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பின்னால் ஏற்றுவது குற்றம். ஆயினும், போலீஸ்காரர் நிற்கும் சந்திக்கு மட்டும் கவசத்தை அணிந்து, தாடைக்கடியில் வாரை மாட்டாமல் போகிறவரைச் சட்டம் எவ்வளவு தூரம் தொடர முடியும்? தராசுக்கு முத்திரை வைக்கும் அதிகாரி ஆண்டில் என்றோ ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் எடையைச் சரியாக வைப்பது நம் மனச்சாட்சி அன்றோ?

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணம் தொலைந்தால், கடனோ உடனோ பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பின்னால் அமர்ந்த உயிரைத் தொலைத்துவிட்டு, அவர் வீட்டு வாசலில் போய் நின்று எதைத் திருப்பிக் கொடுப்போம்? வண்டியைக் கிளப்புமுன் இதனைச் சிந்திப்போமாக.