அவங்களுக்கு எப்ப லீவு?

சியாட்டிலைச் சுற்றி வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், கோடையில் அவர்களை அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும். ஏழு நாள் பயணம். போகாதவர்களைப் பார்த்து மற்றவர்கள் கேட்கும் விதத்திலேயே அது சடங்கு என்று தெரிந்துவிடும். “இன்னும் கூட்டிட்டுப் போகலையா?” போய்வந்தவர்களிடம் கேட்பது வேறு கேள்வி. “எவ்வளவுக்குக் கிடைச்சுது?”

இந்த இரண்டாவது கேள்விதான் என் சிக்கல். ஒன்றை நன்றாகத் தேர்ந்தெடுப்பது என்றால், குறைந்த காசுக்கு அதிகம் வாங்குவது என்றுதான் நாம் புரிந்துகொண்டிருக்கிறோம். கப்பலைத் தேடி உட்கார்ந்த வாரங்களில் எனக்கு அந்த அர்த்தம் போதவில்லை.

முதலில் தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கலாம். அல்லது வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் விட்டியரிலோ சீவார்டிலோ இறங்கி விமானத்தில் திரும்பலாம். முதல் வழி செலவு குறைவு, ஆனால் கப்பல் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த பசிபிக் கடலில் போகும், ஆட்டம் இருக்கும். இரண்டாவது, தீவுகளுக்கு உள்ளே ஒதுங்கிப் போகும் அமைதியான பாதை. அடுத்தது அறை. ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று விலை ஏறிக்கொண்டே போகும். குமட்டல் வருகிறவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம் நல்லது. முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் பக்கம். “எந்த அறையானாலும் சரி” என்று முடிவைக் கம்பெனியிடமே விட்டால் விலை இன்னும் குறையும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் விலை, இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால் ஆளுக்கு ஆகும் தொகை. அதோடு துறைமுக வரி, இணையம், கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு, டிப்ஸ் எல்லாம் சேரும். பெரிய கப்பல்களில் டிப்ஸ் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை ஆகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சியாட்டில் கப்பல்கள் திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை சில மணி நேரம் நிற்கும். அந்த ஊர் அழகுதான். ஆனால் கப்பல் நிற்பதற்குக் காரணம் 1886-இல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. பெரிய பயணக் கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே எங்காவது ஒரு வெளிநாட்டுக் கரையைத் தொட்டாக வேண்டும். விளைவு, இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்குக் கனடா விசாவும் வேண்டும். 1886-இல் அமெரிக்கக் கப்பல்காரர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டத்துக்காக, எழுபது வயதில் அப்பா கைரேகை கொடுக்கப் போகிறார்.

கொடியின் வேலை இதோடு முடியவில்லை. கப்பலுக்குள் நடக்கும் வேலைக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. அந்தப் பக்கம் என் கவனத்தைத் திருப்பியது அப்பா. அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லேப்டாப்பில் கப்பல் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீச்சல் குளம், பத்து மணிக்கு மேலும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கூடம், ராத்திரி நாடகம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏப்பா, இதுல வேலை பாக்குறவங்களுக்கு எப்ப லீவு?”

நான் போட்டு வைத்திருந்த எக்செல் பட்டியலில் பதினான்கு பத்திகள் இருந்தன. அப்பாவின் கேள்விக்கு அதில் பத்தி இல்லை.

தேடிப் பார்த்தேன். 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. கொடி நாடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை. மற்றது, வாரத்துக்குக் குறைந்தபட்சம் 77 மணி நேர ஓய்வு. வாரத்துக்கு 168 மணி. 77 போனால் 91. உணவுக்கூடத்திலும் அறைகளிலும் வேலை செய்பவர்களின் ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம். அத்தனை மாதமும் வாரத்தில் ஏழு நாளும் வேலை. லீவு என்பது ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போன பிறகுதான்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனாவால் நிறுத்திவைக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். மொத்தம் 3,711 பேர். 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்றார்கள். அறைக் கதவு வரை சாப்பாட்டைக் கொண்டுபோனது ஊழியர்கள். அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர். அதில் பயணிகள் ஆறு பேர், ஊழியர்கள் 132 பேர். கப்பல் என்பது நம்மில் பெரும்பாலானோருக்கு இன்னும் வேலை செய்யும் இடம்தான். டிக்கெட் வாங்கும் நான் அந்த ஆறு பேரின் வரிசையில் சேர்கிறேன்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும். “நீ போகலைன்னா அவனுக்கு வேலையே இருக்காதே?” இது சாக்கு இல்லை, உண்மையான வாதம். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள் உண்டு. கரையிலும் இதே கதைதான். ஜூனோ ஊரின் மக்கள்தொகை சுமார் 32,000. ஒரு கோடையில் கப்பலில் வந்து இறங்குவோர் பதினாறு லட்சத்துக்கு மேல். நெரிசல் தாங்காமல், ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் போதும் என்று 2024 முதல் கட்டுப்பாடு வைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு, சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது ஊர்க்காரர்களே அதைத் தோற்கடித்தார்கள். அவர்கள் விரும்பியது கப்பல் வராமல் இருப்பதை அல்ல, ஓர் அளவை.

அளவு என்ற சொல் எனக்கு ஹெர்பர்ட் சைமனை நினைவூட்டுகிறது. கணினி அறிவியலும் பொருளாதாரமும் இரண்டுமே சொந்தம் கொண்டாடும் மனிதர். 1978-இல் நோபல் பெற்றவர். இருப்பதிலேயே சிறந்ததைத் தேடாமல், போதுமானது எது என்று முன்பே வகுத்து, அதைத் தொட்டதும் நிறுத்துவதுதான் மனிதர்கள் முடிவெடுக்கும் வழி என்று 1956-இலேயே எழுதினார். அவர் பேசியது மனித மூளையின் எல்லையைப் பற்றி. எனக்கு அதில் ஓர் அறமும் தெரிகிறது. சிறந்த டீலைத் தேடுகிறவனுக்கு நிற்கும் இடம் கிடையாது. கடைசி ஐம்பது டாலரையும் மிச்சம் பிடித்தே ஆக வேண்டும். அந்த ஐம்பது டாலர் யாரோ ஒருவரிடமிருந்துதான் வருகிறது. “வரவேற்பு மேசையில போய்ச் சொன்னா டிப்ஸை எடுத்துடுவாங்க, நாலு பேருக்கு நானூறு டாலர் மிச்சம்” என்று வாட்ஸப்பில் வரும் யோசனை, அந்தத் தேடலின் நேரான முடிவு. ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் மற்றவரைப் பற்றி யோசிக்கக் கையில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது.

நாங்கள் மூன்றை எழுதிக்கொண்டோம். அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு. அப்பாவின் முழங்காலுக்கு லிஃப்ட் பக்கம் அறை. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நுழையும் கப்பல். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பயணக் கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். மூன்றும் அமைந்த முதல் கப்பலில், டிப்ஸை முன்கூட்டியே சேர்த்துக் கட்டினோம். தேடலை அங்கேயே நிறுத்தினேன்.

கப்பலில் அப்பா முதல் நாள் காலையே தன் படுக்கையைத் தானே மடித்து வைத்தார். அறையைப் பார்த்துக்கொள்ளும் கோவாக்காரப் பையன் பதறிப்போனான். விரிப்பை எப்படி மடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். அப்பாவின் நல்ல மனசு அவனுக்கு இரட்டை வேலை. அப்பாவுக்கு இது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாளிலிருந்து நாங்கள் எட்டரைக்கு வெளியே போவோம், பத்தரை வரை வரமாட்டோம் என்று அவனிடம் சொல்லிவிட்டார். பத்துப் பதினைந்து அறைகளை வைத்துக்கொண்டு எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று காத்திருப்பவனுக்கு, நிச்சயமான இரண்டு மணி நேரம் பெரிய விஷயம். நேரத்தோடு ஓடிப் பிழைத்த ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

இதனால் அவனுக்கு லீவு கிடைத்துவிடவில்லை. ஒப்பந்தமும் கொடியும் 91 மணி நேரமும் அப்படியேதான் இருக்கின்றன. அதை மாற்றத் தொழிற்சங்கமும் சட்டமும் வேண்டும். நல்ல பயணிகள் போதாது. ஆனால் மாற்ற முடியாததைக் காட்டி, முடிந்ததையும் செய்யாமல் விடுவது வசதியான தத்துவம்.

இப்போது நண்பர்கள் போன் செய்து எந்தக் கப்பல் நல்லது என்று கேட்கிறார்கள். கனடா விசாவுக்கு முதலில் போடுங்கள் என்கிறேன். அப்புறம், விலையைப் பார்ப்பதற்கு முன், உங்களுக்கு என்ன இருந்தால் போதும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிப்ஸையும் சேர்த்த தொகைதான் டிக்கெட் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தக் கப்பல் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். இன்னும் சின்ன அறையைப் பாருங்கள். உள்ளறையில் ஜன்னல் இருக்காது. பரவாயில்லை, மலையும் பனியும் மேல்தளத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.