நிலத்துக்குப் பாவம் உண்டா?

ஸ்டான்லி குப்ரிக் 1980இல் எடுத்த ‘த ஷைனிங்’ படத்தைப் பேய்ப்படம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அது எழுப்பும் சமயக் கேள்வியைத் தவறவிடுகிறார்கள். பனிக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஓவர்லுக் என்ற மலை விடுதிக்குக் காவலாளாக, ஜாக் டொரன்ஸ் மனைவி வெண்டியோடும் சின்ன மகன் டானியோடும் போகிறான். பனி பாதையை மூடுகிறது, தொலைபேசி செத்துப்போகிறது, கடைசியில் அவன் கோடரியோடு அவர்களையே துரத்துகிறான். 1970இல் அதே வேலையில் இருந்தவனும் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கொன்றவன்தான். விடுதி எழுந்த நிலம் செவ்விந்தியரின் இடுகாடாக இருந்ததாம் என்று முகாமையாளர் போகிற போக்கில் சொல்கிறார். ஸ்டீபன் கிங்கின் 1977ஆம் ஆண்டு நாவலில் இல்லாத இந்தச் செய்தியைப் படம்தான் சேர்த்தது. அப்படியானால் பாவம் செய்தவனோடு போகிறதா, செய்த இடத்திலும் ஊறிக் கிடக்கிறதா?

மன்னார்ப் பெருநிலத்தில் இது வெறும் சினிமாக் கேள்வி அல்ல. கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளையும் அடம்பனைப் போர் 2008 மே மாதத்தில் மிதித்துக் கடந்தது. இடம்பெயர்ந்த சனம் 2009க்குப் பிறகு திரும்பி வந்து அதே வயல்களில் விதைத்தது. இரத்தம் சிந்திய மண் இருப்பவர்களையும் கொலைகாரராக்கும் என்றால், இங்கே ஒரு குடும்பமும் அடுப்பு மூட்ட முடியாது.

படத்தையே சாட்சிக்கு அழைப்போம். விடுதிக்குப் போவதற்கு முன்பே, குடிவெறியில் மகனின் தோள்மூட்டைக் கழறச் செய்தவன் ஜாக். வெண்டி அதை வைத்தியரிடம் தற்செயலாக நடந்ததுபோலச் சொல்கிறாள். அவள் விரலிடுக்கில் சிகரெட் சாம்பல் தட்டாமலே நீண்டுகொண்டு போகிறது. விடுதி கொடுக்காத கொடுமை ஒன்று வீட்டிலேயே இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். பிறகு, ஒரு கிளாஸ் பியருக்குத் தன் ஆன்மாவையே தருவேன் என்று அவன் வாய்விட்டுச் சொன்ன பின்னர்தான் மது ஊற்றுகிறவன் எதிரே தோன்றுகிறான். அவனை அடைத்துப் பூட்டிய களஞ்சியத்தின் கதவு திறப்பதும், மனைவி மகனின் கதையை முடிப்பேன் என்று வாக்குக் கொடுத்த பின்புதான். ஒவ்வொரு படியிலும் அவனுடைய சம்மதம் முந்திக்கொள்கிறது. அதே பனியில், அதே தாழ்வாரங்களில் இருந்த வெண்டியும் டானியும் கொலைக்கு இணங்கவில்லை. அங்கே சமையற்காரராக இருந்த ஹலொரன் அந்த இடத்தின் கெடுதியை நன்றாக அறிந்தவர். ஆனாலும் பிள்ளையைக் காப்பாற்றப் பனிப்புயலுக்குள் திரும்பி வந்து உயிரைக் கொடுக்கிறார். இடம் எல்லாருக்கும் ஒன்றுதான், செய்கைதான் வேறு.

நடந்த கொடுமை இடத்தில் தடம் விட்டுப்போகும், கருகிய ரொட்டியின் வாடைபோல, என்று அந்த ஹலொரனே டானியிடம் சொல்கிறாரே என்று கேட்கலாம். சரி, தடம் இருக்கட்டும். வாடை மனத்தைக் கலக்கும். கோடரியைத் தூக்கிக் கையில் கொடுக்காது. படத்தின் கடைசியில் 1921ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் ஜாக் சிரித்துக்கொண்டு நிற்பதைக் காட்டி, எல்லாம் விதி என்பவர்களும் உண்டு. விதி என்றே வைத்தாலும் அது யாருடைய விதி? சைவ சித்தாந்தம் இதில் உறுதியாக நிற்கிறது: மண்ணும் கல்லும் அறிவற்ற சடம், வினைக்கு உரியது உயிர். அந்த வினைப்பயனும் தானாக வந்து ஒட்டாது, இறைவன் கூட்டவே கூடும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மண் வெறும் சடம் என்றால் மன்னாரின் திருக்கேதீச்சரம் எப்படித் தலமாயிற்று? இடத்துக்குப் புனிதம் உண்டென்றால் தீமையும் இருக்கத்தானே வேண்டும்? போர்த்துக்கேயர் இடித்த அந்தக் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் காடாகக் கிடந்தது. அதை மீட்க வேண்டுமென்று 1872இல் ஆறுமுக நாவலர் வேண்டுகோள் விடுத்தார், அடியார்கள் மீட்டார்கள். தலத்தின் அருள் உண்மையானது என்றே நானும் சொல்கிறேன். ஆனால் அதன் தீர்த்தமான பாலாவியில் மூழ்கியவன் தன் மனம் திரும்பாமலே நல்லவனாகிவிடுவான் என்று எந்தச் சைவரும் சொல்வதில்லை. அருளே மனிதனைப் பலவந்தம் செய்யாதபோது, ஒரு கட்டடத்தின் கெடுதி மட்டும் எப்படிச் செய்யும்? விவிலியத்திலும் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிடுகிறது; ஆனால் கடவுள் கேள்வி கேட்பது காயினிடம். மண் அங்கே சாட்சி மட்டுமே.

இந்த வேறுபாட்டை நாம் விடக்கூடாது. 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தின் அருகே தண்ணீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 80க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் அங்கே கிடைத்தன. அந்தப் பக்கம் போகக்கூடாது, கெட்ட இடம் என்று பிள்ளைகளை வெருட்டுவது எளிது. அப்படிச் சொல்லத் தொடங்கினால் பழி மண்ணின் தலையில் விழும், செய்தவர்கள் நழுவிவிடுவார்கள். அந்த இடத்துக்குப் போங்கள், விளக்கேற்றுங்கள். அந்த எலும்புகள் யாருடையவை, அவர்களை அங்கே போட்டவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளையும் பதில் வரும்வரை நீதிமன்றத்திலும் வெளியிலும் கேட்டுக்கொண்டே இருங்கள்.