நிழலும் நீரும் வலையாகும்போது

சென்ற கோடை விடுமுறையில் எம் பெயரன் ஜிம் கார்பெட் எழுதிய வேட்டை நூலொன்றைப் படித்து முடித்துவிட்டு எம்மிடம் ஒரு வினாவுடன் வந்தான். "பாட்டி, இவர் புலிகளைச் சுட்டிருக்கிறார். ஆனால் புலிகளைக் காப்பாற்றப் பாடுபட்டவர் என்று ஒரு காட்டுக்கே இவர் பெயரை வைத்திருக்கிறார்களாம். இவர் நல்லவரா, கெட்டவரா?" என்றான். தெளியாத வினாவுக்கு அவசர விடை கூறி மாணவன் வாயை அடைத்துவிடலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யாம் கற்ற பாடங்களுள் ஒன்று. ஆதலின் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டோம். அவ்விரண்டு நாட்களில் எம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரையாயின.

வேட்டை நமக்குப் புறம்பான பொருள் என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். சூது, ஊன், கள் முதலிய ஏழு வியசனங்களுள் ஒன்றாக வைத்து வேட்டையை விலக்கிய மரபு நம்முடையது. நம் இல்லங்களில் துப்பாக்கி ஏந்தியவரைக் காண்பது அரிது. யாமும் அவ்வாறே எண்ணி நெடுங்காலம் நிம்மதியாக இருந்தோம்.

முதலில் அவ்வேட்டை நிகழ்ந்த முறையை அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மத்திய இந்தியக் காடுகளில் புலிவேட்டைக்கு உகந்த பருவம் எனக் கருதப்பட்டது ஏப்ரல், மே மாதங்களின் கடுங்கோடையாகும். மழைக்காலத்தில் நீர் எங்கும் கிடைக்கும். விலங்கும் எங்கும் திரியும். கோடையிலோ தேக்கு இலையுதிர்த்து நிற்கும். ஓடைகள் வற்றி ஆங்காங்கே சில மடுக்களே எஞ்சும். அம்மடுக்களின் கரைகளில்தான் நாவலும் மூங்கிலும் அடர்ந்து பசுமையாக இருக்கும். வெயில் ஏறியதும் புலி அப்புதருக்குள் சென்று படுத்துவிடும். சில வேளைகளில் நீருக்குள்ளேயே உடல் நனைய அமர்ந்திருக்கும். கொதிக்கும் பாறையிலும் மணலிலும் நடக்க அதன் மெல்லிய பாதங்கள் பொறா. மானும் பன்றியும் அதே நீரை நாடியே வந்தாக வேண்டும்.

இதனை நன்கறிந்தவர்கள் வேட்டைக்காரர்கள். மாலையில் நீர்நிலையின் அருகே எருமைக் கன்று ஒன்றைக் கட்டி வைப்பர். இரவில் புலி அதனைக் கொன்று தின்றுவிட்டுப் பகல் வெப்பத்துக்கு அஞ்சி அண்மையிலுள்ள புதரிலேயே உறங்கும். நண்பகலில், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஊர்மக்கள் வரிசையாக நின்று, பறையடித்தும் கூவியும் ஒரு பக்கத்திலிருந்து புதரைக் கலைத்து வருவர். புலி பக்கவாட்டில் விலகிவிடாதபடி இரு மருங்கிலும் மரங்களின்மேல் ஆட்கள் அமர்ந்து, கிளையைக் கோலால் தட்டி ஓசையெழுப்புவர். எஞ்சியுள்ள ஒரே வழியில் பரண்மீது துப்பாக்கியுடன் துரை காத்திருப்பார்.

கோடையில் காட்டுயிர்களுக்கு உள்ள புகலிடங்கள் இரண்டு: நிழலும் நீரும். அவ்விரண்டையுமே வலையாக்கிக் கொண்டதுதான் இவ்வேட்டையின் திறம். விலங்கைத் தேடி அலையும் உழைப்பை அவ்விலங்கின் தாகமே மிச்சப்படுத்திக் கொடுத்தது.

ஆயினும் அவர்களுக்கும் ஒரு நெறி இருந்ததை மறைத்தல் நேர்மையாகாது. காயம்பட்ட விலங்கைக் கைவிட்டுச் செல்லலாகாது. அது எத்துணை அடர்ந்த புதருக்குள் புகுந்தாலும் சுட்டவனே பின்தொடர்ந்து சென்று அதன் துன்பத்தை முடித்தல் வேண்டும் என்பதே அது. நான்கு முழத்துக்கு அப்பால் எது கிடக்கிறது என்று தெரியாத புதருக்குள் காயம்பட்ட புலியைத் தேடிச் செல்வது உயிரைப் பணயம் வைக்கும் செயல். அவ்வாறு சென்று மாண்டவரும் உளர். அவர்தம் துணிவை யாம் குறைத்து மதிப்பிடவில்லை.

அந்நெறியைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கார்பெட்டின் நூலே சான்று தருகிறது. 1907ஆம் ஆண்டு குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் என்னும் ஊரருகே அவர் ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 மனித உயிர்களை அது கொன்றதாக அவர் எழுதியுள்ளார். மாண்ட புலியின் வாயைப் பார்த்தபோது வலப்புறத்து மேல்கோரைப்பல்லும் கீழ்கோரைப்பல்லும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டு செய்த வேலை அது. இயல்பான இரையைப் பற்றிக் கொல்ல இயலாமற் போனதால்தான் அது மனிதரை நாடியது என்பது கார்பெட்டின் முடிபு. சுட்டுவிட்டுப் போனவன் எவன் என்று யாரும் அறியார். அவன் ஒரு குண்டுக்கு விலை கொடுத்தவர்களோ விறகுக்கும் தழைக்கும் காட்டோரம் சென்ற எளிய மலைமக்கள்.

நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்பொருட்டு ஹிம்சையை நான்காகப் பகுத்துக் காட்டினர். சமையல், துப்புரவு முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது விரோத ஹிம்சை. கொல்வோம் என்று கருதியே கொல்வது சங்கல்ப ஹிம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தான் இயன்றவரை குறைக்க வேண்டும்; நான்காவதை அறவே விலக்க வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், ஊர்மக்களைக் காக்க ஆட்கொல்லியைச் சுட்டது விரோத ஹிம்சையின்பாற்படும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையை விலக்கியபோதே, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பொறுத்தவரை உரிய அதிகாரியின் ஆணைக்கு இடம் வைத்துள்ளது. பொழுதுபோக்குக்காகப் பரணில் அமர்ந்து சுட்டதோ ஐயத்துக்கிடமின்றிச் சங்கல்ப ஹிம்சை. காயம்பட்டதைப் பின்தொடரும் நெறி அதனைத் தூய்மையாக்கிவிடுமா? அயலான் கூரைக்குத் தீ வைத்தவனே குடம் சுமந்து அணைக்க ஓடினால் அந்த ஓட்டத்தைப் பாராட்டலாம். தீ வைத்தது இல்லையென்று ஆகிவிடாது.

கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்து ஒளிப்படக் கருவியை மிகுதியாக ஏந்தினார். புலிகளைக் காக்க வேண்டுமென்று எழுதியும் பேசியும் வந்தார். 1936இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்கு, அவர் மறைந்தபின் அவர் பெயர் சூட்டப்பட்டது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973 ஏப்ரல் முதல் நாள் அங்கேதான் தொடங்கிற்று. 1972 கணக்கெடுப்பில் நாட்டில் 1827 ஆக இருந்த புலிகளின் எண்ணிக்கை, 2022இல் 3682 என மதிப்பிடப்பட்டது. கொன்றவர் கண் திறந்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருந்தால் எமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறர் செய்த ஹிம்சையைப் பகுத்து அளப்பது எளிய பணி. ஆனால் புதரைச் சுற்றி வளைத்து நின்ற ஆட்களைப் பற்றி எழுதியபோது எம் கண்முன் வேறொரு புதர் வந்து நின்றது. அது எம் சொந்தக் கழனியில் விளைந்த கரும்பு.

1984ஆம் ஆண்டு, பங்குனி மாதம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் யாம் ஆசிரியையாக இருந்தோம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, எம் நிலத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. வெட்டும் ஆட்களுக்கு நீர்மோர் எடுத்துக்கொண்டு கழனிக்குச் சென்றோம். பத்து மாதம் வளர்ந்து ஆளுயரத்துக்கும் மேல் அடர்ந்த கரும்பு, நான்கு பக்கமும் வெட்டப்பட்டு நடுவில் ஒரு திட்டாக நின்றது. வெட்ட வெட்ட உள்ளே ஒதுங்கிய முயல்களும் கீரிகளும் எலிகளும் அத்திட்டுக்குள் இருந்தன. வெளியே சோகை பரந்த வெட்டவெளி. மேலே உச்சி வெயில். ஆட்கள் வெட்டுக்கத்தியை வைத்துவிட்டுக் கழிகளுடன் சுற்றி நின்றனர். நாய்களும் நின்றன. ஒருவன் உள்ளே புகுந்து கூச்சலிட்டான்.

கழியுடன் நின்றவர்களுள் எம் வகுப்பு மாணவன் ஒருவனும் இருந்தான். அவன் எம்மைத் திரும்பிப் பார்த்தான். யாம் ஏதேனும் சொல்வோம் என்று எதிர்பார்த்த பார்வை அது. யாம் ஒன்றும் சொல்லவில்லை. மோர்க்குடத்தை வரப்பில் வைத்துவிட்டுப் புளியமரத்தடிக்குச் சென்று முதுகைக் காட்டி நின்றோம். அடியோசை மட்டும் கேட்டது.

மறுநாள் வகுப்பில் கொல்லாமை குறித்து யாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அச்சிறுவன் எழுந்தான். "டீச்சர், நேத்து நீங்களும் அங்கதான இருந்தீங்க?" என்றான். அவன் குரலில் குறும்பு இல்லை; உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான். யாம் அவனை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். எம் ஆசிரியப் பணியில் யாம் நடத்திய பாடங்களுள் மிக மோசமான பாடம் அதுதான்.

அவ்வாட்களை யாம் குறை கூறவில்லை. நாள் முழுதும் வெயிலில் வெட்டியவர்கள். வீட்டில் பசித்த பிள்ளைகளை உடையவர்கள். ஊன் உண்ணாமை அவர்கள் ஏற்ற விரதமும் அன்று. விரதம் ஏற்றவர் யாம். நிலம் எமது, வெட்டும் முறையை முடிவு செய்யும் உரிமை எமது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்று பள்ளிப்பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். முதுகைக் காட்டி நின்றது இம்மூன்றனுள் எதில் அடங்கும் என்று எம் மனச்சான்று அன்று முதல் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. மத்திய இந்தியக் காட்டில் பரண்மீது அமர்ந்திருந்த துரைக்காவது, காயம்பட்டதைத் தேடிச் சென்று பார்க்கும் நெறி இருந்தது. எமக்குத் திரும்பிப் பார்க்கும் துணிவும் இல்லை.

நம் புராணத்தில் ஒரு புதர் உண்டு. புரூரவன் என்னும் வேடர் தலைவன் தன் மனைவி காளிகையுடன் காட்டில் செல்கிறான். மரச்செறிவுக்கிடையே ஏதோ அசைகிறது. மான் என்று கருதி வில்லை வளைக்கிறான். காளிகை அவன் கையைத் தடுத்து, அது மான் அன்று, வனதேவதை என்கிறாள். அங்கே இருந்தவர் வழி தவறி வந்த சாகரசேன முனிவர். புரூரவன் வில்லைத் தாழ்த்தி அவரை வணங்கி, மதுவும் ஊனும் தேனும் விலக்கும் விரதம் பெறுகிறான். பல பிறவிகளுக்குப்பின் ஸ்ரீ வர்த்தமான மகாவீரராகத் தோன்றிய உயிர் அவ்வேடனுடைய உயிரே.

இக்கதையைச் சொல்வோர் முனிவரின் அருளையும் வேடனின் மனமாற்றத்தையும் விரித்துரைப்பர். யாம் இப்போது எண்ணுவது காளிகையை. அவள் தத்துவம் அறிந்தவள் அல்லள். புதருக்குள் இருந்தவர் முனிவர் என்பதும் அவளுக்குத் தெரியாது. எய்யாதே என்று உரிய நொடியில் ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல் இல்லையேல் அவ்வுயிரின் பயணம் எங்கே சென்றிருக்குமோ! கழனி வரப்பில் எமக்கு வாய்த்ததும் அத்தகைய ஒரு நொடிதான்.

மறு ஆண்டு வெட்டு தொடங்குமுன் மேஸ்திரியை அழைத்துப் பேசினோம். நான்கு பக்கமும் வளைத்து வெட்டாமல், கிணற்றுப் பக்கத்திலிருந்து ஓடைப் பக்கமாக ஒரே திசையில் வெட்டி வரவேண்டும், ஓடையை ஒட்டிய கடைசிப் பகுதியை இரவு முழுதும் விட்டுவைத்து மறுநாள் காலையில் வெட்டவேண்டும், நாய்களைக் கொண்டுவரலாகாது, அதற்கு ஈடாக ஒரு வேளை உணவும் கூடுதல் கூலியும் தருவோம் என்றோம். மேஸ்திரி சிரித்தார். வீட்டிலும் சிலர் வீண் செலவு என்றனர். ஆயினும் அவ்வாறே நடந்தது. இரவின் குளிர்ச்சியில் பெரும்பாலானவை ஓடைக்குள் சென்றுவிட்டன. எல்லாம் பிழைத்தன என்று கூறமாட்டோம். ஓரிரண்டு முயல்கள் அவ்வாண்டும் அடிபட்டன. உழவில் ஹிம்சையே இன்றி ஒழிய எம்மால் இயலவில்லை. புகலிடத்தைப் பொறியாக்காமல் இருக்க மட்டும் இயன்றது.

இரண்டு நாள் கழித்துப் பெயரனிடம் இவ்வளவையும் சொன்னோம். கார்பெட்டை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரு சொல்லில் முடிக்க எமக்குத் தகுதியில்லை; தாம் செய்ததை அவர் திரும்பிப் பார்த்தார், அதனால் அவரிடமிருந்து யாம் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது என்றோம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மாணவனுக்குப் பிறகாவது பதில் சொன்னீர்களா, பாட்டி?" என்று கேட்டான். சொல்லவில்லை. அவன் அவ்வாண்டே பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இங்கே எழுதினோம். ஆம் தம்பி, யாமும் அங்கேதான் இருந்தோம். மோர்க்குடத்தை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

நிலமுடைய நம் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கரும்பு வெட்டும் நாளில் கழனிக்குச் செல்லுங்கள். கடைசித் திட்டு நிற்கும்போது அங்கே இருங்கள். ஒரு பக்கத்தை ஓடைக்கோ தோப்புக்கோ திறந்து விடச் சொல்லுங்கள். ஆட்களுக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். முதுகை மட்டும் காட்டாதீர்கள்.