புரியாமல் எழுத ஜாய்ஸுக்கு உரிமை உண்டா?

என் தொழிலில் கையேடு புரியவில்லை என்றால் அது எழுதியவன் தப்பு. இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்பது மூன்று முறை படித்தும் விளங்காவிட்டால் யாருக்காவது அடிபடும். அந்தப் பழக்கத்தோடு ஜேம்ஸ் ஜாய்ஸிடம் போனால் கோபம்தான் வரும். 1922-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய 'யுலிசஸ்' நாவலில் 18 அத்தியாயங்கள், 700 பக்கங்களுக்கு மேல். கதையோ 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில் டப்ளினில் நடப்பது. பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் லியோபோல்ட் ப்ளூம் காலை உணவு சமைக்கிறார், ஒரு சாவுக்குப் போகிறார், ஊர் சுற்றுகிறார், நடுராத்திரிக்கு மேல் வீடு திரும்புகிறார். இதைச் சொல்ல இவ்வளவு சிக்கல் எதற்கு? வாசகரை மதிக்காத திமிர்தானே?

இது ரசனைக் கேள்வி மட்டுமில்லை, அறக் கேள்வியும்தான். நம்முடைய நேரத்தையும் உழைப்பையும் கேட்கிறவர் பதிலுக்கு என்ன தருகிறார்?

ஆறாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நண்பரின் இறுதி ஊர்வலம். குதிரை வண்டிக்குள் ப்ளூமோடு இன்னும் மூன்று பேர். பேச்சு சாவைப் பற்றிப் போகிறது. ஒரு குடும்பத்துக்குத் தற்கொலையைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்கிற மாதிரி பவர் என்பவர் சொல்கிறார். கன்னிங்ஹாம் என்பவர் அவசரமாகப் பேச்சைத் தணிக்கப் பார்க்கிறார். ப்ளூம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிறார். கல்லறைத் தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் கன்னிங்ஹாம் பவரிடம் மெதுவாகச் சொல்கிறார்: ப்ளூமின் அப்பா விஷம் குடித்துச் செத்தவர்.

அப்பாவைப் பற்றிய துணுக்குகள் ப்ளூமின் மனசில் அதற்கு முன்பே வந்துபோகின்றன. அரை வாக்கியம், ஒரு அறை, ஒரு புட்டி, அவ்வளவுதான். தன் அப்பா எப்படிச் செத்தார் என்று யாரும் தனக்குத்தானே விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அதனால் ஜாய்ஸும் விளக்குவதில்லை. முதல்முறை படிக்கிறவர் அநேகமாக அந்தத் துணுக்குகளைத் தாண்டிப் போய்விடுவார்.

முன்கூட்டியே ஒரு வரி சேர்த்திருந்தால் படிப்பது சுலபமாகியிருக்கும். நாமும் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, 'என்ன மனுஷன் இவன்' என்று பவரைத் திட்டியிருப்போம். இப்போது அது முடியாது. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் காயம் தெரியாமல்தான் பெரும்பாலும் பேசுகிறோம் என்று நாவல் உபதேசம் செய்வதில்லை. பவரின் இருக்கையில் நம்மை உட்கார வைத்துவிடுகிறது. இந்தச் சிரமத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

அதற்காக ஜாய்ஸின் எல்லாச் சிரமமும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். 14-ஆவது அத்தியாயத்தில் ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வலியில் கிடக்கிறாள். ஜாய்ஸோ ஆங்கில உரைநடையின் வரலாற்றையே நடை மாற்றி மாற்றி எழுதிக் காட்டுகிறார். கரு வளர்வதுபோல மொழியும் வளர்கிறதாம். விளக்கம் புரிகிறது, திறமையும் தெரிகிறது. ஆனால் அந்தப் பெண் எங்கே? எனக்குக் கேட்பது அதே கட்டடத்தில் குடித்துவிட்டு அரட்டை அடிக்கும் ஆண்களின் குரல்தான்.

ஆகவே ஜாய்ஸுக்கு உரிமை உண்டா என்று மொத்தமாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு இடத்திலும் கேட்கணும்: இந்தச் சிரமம் என்னை ஒரு மனிதருக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனத்துக்குப் பக்கத்திலா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1914-இல் வந்த 'டப்ளினர்ஸ்' சிறுகதைகளை முதலில் படிக்கலாம். அவை நேரடியானவை. பிறகு 'யுலிசஸ்'. முதல் மூன்று அத்தியாயங்கள் மிரட்டினால் நான்காவதில் தொடங்குங்கள். அங்கே ப்ளூம் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருப்பார்.

ஆறாவது அத்தியாயத்தின் ரகசியத்தை நான் உடைத்துவிட்டேன். இனி அந்த வண்டியில் உங்களுக்குக் கிடைப்பது கன்னிங்ஹாமின் இடம். தெரிந்திருந்தும் பேச்சைத் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் லேசான இடமில்லை.