குறியும் மாந்தரும்: இடைக்காலக் கிறித்தவக் கலையும் பெங்களூருவின் தலித் அன்னையும்

இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவக் கலை புறத்தாரை முகத்தால் காட்டியதைவிடக் குறியால் காட்டியதே மிகுதி. தொழுநோயாளியின் கையில் ஊராரை எச்சரிக்கும் ஓசைக்கட்டை இருந்தது. யூதரின் தலையில் கூர்முனைத் தொப்பி இருந்தது. இழிவுக்கென இடப்பட்ட குறியைக் கொண்டே அம்மாந்தரை உயர்த்திக் காட்டுதல் தகுமா, தகுமெனின் அவ்வுரிமை எவருக்குரியது என்பன அறவியல் வினாக்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெங்களூருவில் இவை புதிய வடிவில் எழுந்தன.

கூர்முனைத் தொப்பி தொடக்கத்தில் இழிவுக்குறியன்று. இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பும் அதனை அணிந்தவராகத் தீட்டப்பெற்றுள்ளார். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், யூதரும் இசுலாமியரும் உடையால் வேறுபடுத்தி அறியப்பெற வேண்டும் என விதித்தது. ஏறத்தாழ 1230இல் உருவான ஸ்திராஸ்பூர்க் பேராலயச் சிற்பங்களில் திருச்சபை முடிசூடிய மங்கையாக நிற்க, யூத சமயம் கண் கட்டப்பட்டு, முறிந்த கோலேந்திய மங்கையாக நிற்கின்றது. சிற்பி இரண்டாமவளின் எழிலில் குறை வைக்கவில்லை. எனினும் அவ்வெழில் அவள் கண்கட்டை அவிழ்க்கவில்லை. ஏறத்தாழ 1300இல் தென்செருமனியில் யூதர்தம் பாஸ்கா விழாவுக்கென எழுந்த ஓவியச்சுவடி ஒன்றிலோ, பறவைத் தலையுடைய மாந்தர் அதே தொப்பியைத் தமக்குரிய அடையாளமாகவே அணிந்துள்ளனர்.

தமிழில் இதற்கு இணையானது பறை. தொல்காப்பியம் அதனைத் திணைகளின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. எல்லா நிலத்துக்கும் உரிய இசைக்கருவி பிற்காலத்தில் ஒரு குடியின்மேல் சுமத்தப்பட்ட அடையாளமாயிற்று. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்குத் தோற்றுவாயாகக் கருதப்பெறுகிறது. அக்கல்லூரியில் பணியாற்றிய சத்தியநாதன் கிளார்க், 1998இல் வெளிவந்த தம் நூலில், பறையைக் கிறித்துவின் படிமமாகவே விளக்கினார். ஆயின் சாவுக்குப் பறையடிக்க மறுத்தலையே விடுதலையாகக் கொண்ட ஊர்களும் தமிழகத்தில் உண்டு. இவ்விரு நிலைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமை பறையைச் சுமந்தோர்க்கே உரியது.

இதே நகரில் து. ச. அமலோர்பவதாஸ் 1967இல் நிறுவிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் கிறித்தவ வழிபாட்டுக்கு இந்திய வடிவம் தர முயன்றது. அவ்வடிவம் பெரிதும் வடமொழி மரபைச் சார்ந்தது என்பது தலித் இறையியலாளரின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. அம்மையத்தின் கலைப்பணியில் பங்குகொண்ட ஓவியர் ஜோதி சாகி, 2000ஆம் ஆண்டளவில் ‘தலித் அன்னை’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அது இன்று பிரித்தானிய மெதடிசுத் திருச்சபையின் கலைத்தொகுப்பில் உள்ளது.

அவ்வோவியத்தின் மூலப்படிமம் ஆட்டுக்கல். குழிந்த கல் தாய். அதனுள் பொருந்தும் சிறுகல் சேய். தமிழ் படித்தோர்க்கு இதில் வியப்பில்லை: அச்சிறுகல்லுக்கும் குழந்தைக்கும் ‘குழவி’ என்பதே பெயர், மரபியல் அதனை இளமைப் பெயர்களுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆட்டுக்கல் ஓசைக்கட்டை போன்று ஒருவரை ஊரினின்று விலக்குவதன்று. குடி வேறுபாடின்றி வீடுகளில் புழங்கியது. விலக்கும் குறியின் இடத்தில் உழைப்பின் கருவியை வைத்தமையே சாகியின் சிறப்பு. இருப்பினும் அவர் பஞ்சாபித் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். கல்லில் இல்லாத ‘தலித்’ என்னும் குறியை ஓவியத்திற்குத் தருவது அதன் தலைப்பே.