எதிர்க்கட்சி வீட்டுப் படிவம்

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் இரண்டு விதமான ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். ஒருவர் அரசு அனுப்பிய வாக்குச்சாவடி நிலை அலுவலர். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். மற்றவர் ஒரு வாக்குச்சாவடிப் பாகத்துக்கென்று கட்சி அனுப்பிய பாக முகவர். அவருக்குச் சம்பளம் கிடையாது. கறிக்கடையோ செல்போன் கடையோ வைத்திருப்பார், தறி ஓட்டுவார், அரிசி ஆலையில் கணக்கு எழுதுவார். கட்சி கேட்டதால் வந்திருக்கிறார். மாநிலம் முழுக்க அலுவலர்கள் ஏறத்தாழ 68 ஆயிரம் பேர். எல்லாக் கட்சிகளின் முகவர்களையும் கூட்டினால் 2 லட்சத்தைத் தாண்டும்.

இந்தத் தன்னார்வலர் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. தன் கட்சிக்கு ஓட்டுப் போடாத வீடு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பட்டியலில் பெயர் நிற்க அந்த வீட்டார் தர வேண்டிய கணக்கெடுப்புப் படிவத்தையும் அவர் நிரப்பித் தர வேண்டுமா?

களம்பூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குப் பக்கத்து ஊர் அது. அரிசி வாங்குகிறவர்களுக்குக் களம்பூர் பொன்னியாகவும், ரயிலில் வருகிறவர்களுக்கு ஆரணி ரோடு நிலையமாகவும் அறிமுகம். சுற்றிலும் ஆரணிப் பட்டு நெய்கிற தறிகள். இந்த அளவு ஊரில் யார் எந்தக் கட்சி என்பதற்குக் கணக்கெடுப்பு தேவையில்லை. எந்த வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகன் இன்னொரு கட்சி என்பதுகூடத் தெருவுக்குத் தெரியும். சென்னை அடுக்குமாடியில் கதவைத் தட்டும் முகவர் முகம் தெரியாத வாக்காளரைப் பார்க்கிறார். இங்கே முகவர் பார்ப்பது கூடப் படித்தவனை, பங்காளியை, போன தேர்தலில் வாய்த்தகராறு செய்தவரை.

படிவம் அத்தனை சுலபமாகவும் இல்லை. மேல்பாதியில் பெயர், அடையாள அட்டை எண், புகைப்படம், கியூஆர் குறியீடு எல்லாம் அச்சிட்டே வந்தன. சிக்கல் கீழ்ப்பாதியில். 2002, 2005 ஆண்டுகளில் நடந்த முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுத வேண்டியிருந்தது. நடுவில் 2008 தொகுதி மறுவரையறையில் எல்லைகள் மாறிவிட்டன. இதே மாவட்டத்தில் பெரணமல்லூர் என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போயிற்று. கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்ணுக்குத் தேட வேண்டியது பிறந்த ஊர்ப் பட்டியலில். இணையத்தில் தேடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் உதவி முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. பட்டுத் தறியில் கூலி புடவைக் கணக்கில்தான் வரும். பாவில் பாதிப் புடவையை விட்டுவிட்டு எழுந்து வரிசையில் நிற்கும் அரைநாளுக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

அந்த இடத்தில்தான் பாக முகவருக்கு மதிப்பு. ஒரு முகவர் ஒரு நாளைக்கு 50 படிவங்கள் வரை வாங்கி அலுவலரிடம் ஒப்படைக்கலாம் என்று தேர்தல் ஆணையம் அனுமதித்திருந்தது. தறியை விட்டு எழ முடியாதவருக்கு அந்த 50-இல் ஓர் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் முகவரின் மனத்தைப் பொறுத்தது. அவர் பொய் சொல்ல வேண்டாம், படிவத்தைக் கிழிக்க வேண்டாம். அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டால் போதும். யாரும் கேட்க முடியாது, எந்தச் சட்டமும் தொடாது. அதனால்தான் இதைச் சட்டப் பிரச்சினையாகப் பேசாமல் அறத்தின் பிரச்சினையாகப் பேச வேண்டியிருக்கிறது.

முகவர் பக்கத்து நியாயத்தை முதலில் முழுதாகக் கேட்க வேண்டும், அது லேசானது இல்லை. அவர் அரசு ஊழியர் அல்லர். பெட்ரோலும் டீயும் கைக்காசு. கட்சிக்காக வந்தவரிடம் கட்சியை மறந்துவிடு என்பது, அவரை அங்கே கொண்டுவந்த காரணத்தையே பிடுங்கிப் போடுவதாகும். மேலும் எதிர்க்கட்சிக்கும் முகவர் இருக்கிறார். நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக மட்டும் வாதாடுவதை யாரும் குறை சொல்வதில்லை. அதுபோல ஒவ்வொரு கட்சியும் தன் வீடுகளைப் பார்த்துக்கொண்டால் எல்லா வீடும் சேர்ந்துவிடும் என்பது அவர் வாதம். கட்சி அரசியலே இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. 1949 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய தி.மு.க. படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வளர்ந்தது இப்படிப்பட்ட பாரபட்சமுள்ள உழைப்பால்தான். தன் கொள்கை பெரிது என்று நம்பாதவன் ராத்திரி கண்விழித்துச் சுவரில் எழுதப் போக மாட்டான். கட்சிப் பற்றைக் குறையாக எண்ணினால் தமிழ்நாட்டின் பாதிச் சரித்திரத்தைக் குறை சொல்ல வேண்டிவரும்.

ஆனாலும் அந்த வாதம் ஓரிடத்தில் உடைகிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வக்கீல் தருகிறது. முகவர் இல்லாத வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை. பெரிய கட்சிகளுக்குத்தான் எல்லாப் பாகத்திலும் ஆள் உண்டு, சிறிய கட்சிகளுக்கு ஊருக்கு ஒருவர் கிடைப்பதே பெரிது. எந்தக் கட்சிக்கும் நிச்சயமில்லாத வீடுகளும் இருக்கின்றன: தனியாக இருக்கிற மூதாட்டி, வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற கூலிக் குடும்பம், பெங்களூருக்கு வேலைக்குப் போய் பொங்கலுக்கு மட்டும் வருகிறவர். எல்லாரும் தத்தம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் விட்டுப்போவது இவர்கள் வாசல்தான்.

இதற்குப் பழைய சாட்சி உண்டு. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்தார்கள். சரியான பெயர் கிடைக்காததால் நாடு முழுவதும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்களை நீக்க வேண்டிவந்தது. அவர்களிடம் யாருக்கும் பகை இல்லை. வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டு எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

புதிய சாட்சி பீகார். 2025 கோடையில் அங்கே இதே திருத்தம் நடந்து வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கட்சிகளைப் பார்த்தே வியப்புத் தெரிவித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முகவர்கள் இருந்தும் அவர்கள் வழியாக வந்த ஆட்சேபனைகள் இரண்டே இரண்டு என்று ஆணையம் கணக்குக் காட்டியிருந்தது. முகவர்கள் கொடுத்ததை அதிகாரிகள் ஏற்று ரசீது தரவில்லை என்று கட்சிகள் பதில் சொல்லின, அந்தக் குறையும் நீதிமன்றம் காதில் விழுந்தது. பீகாரின் 12 கட்சிகளும் தங்கள் முகவர்களுக்கு அறிவுறுத்தி, அந்தந்த வாக்குச்சாவடி மக்கள் படிவம் கொடுக்க உதவச் செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தந்த வாக்குச்சாவடி மக்கள் என்பதில் எல்லாரும் அடக்கம். தன் கட்சிக்காரர் மட்டும் என்று உத்தரவு எல்லை போடவில்லை.

தமிழ்நாட்டில் அனுபவம் வேறு மாதிரி. தி.மு.க. இந்தத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது, அ.தி.மு.க. ஆதரித்தது. இரண்டு கட்சியின் முகவர்களும் ஒரே தெருவில் ஒரே படிவத்தோடு நடந்தார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடியானார்கள். விடுபட்ட 97.37 லட்சத்தில் இறந்தவர்கள் என்று காட்டப்பட்டவர்கள் 26.94 லட்சம், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் 3 லட்சத்துக்கு மேல், மீதி 66 லட்சத்துக்கும் மேலானவர்கள் இடம் மாறியவர்களும் வீட்டில் இல்லாதவர்களும். இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் கேள்வி இருக்கிறது. உண்மையாகவே ஊரை விட்டுப் போனவர் யார், அலுவலர் வந்த நேரத்தில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தவர் யார் என்பது அலுவலருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெருவில் பிறந்து வளர்ந்த முகவருக்குத் தெரியும்.

கடமை பிறப்பது இப்படித் தெரிந்திருப்பதிலிருந்துதான். வழியில் விழுந்து கிடப்பவரைப் பார்த்த ஒருவனுக்கு, பார்க்காத நூறு பேருக்கு இல்லாத பொறுப்பு வந்துவிடுகிறது. முகவர் கட்சிக்காரராகத்தான் அந்த வாசலுக்கு வந்தார். வந்த பிறகு, இந்தப் பெயர் விடுபட்டால் அந்த மனிதர் ஓட்டுப் போட முடியாது என்று தெரிந்துகொண்ட ஒரே மனிதராகவும் ஆகிவிடுகிறார். யாருக்கு ஓட்டு என்பதில் வாதாடலாம், கெஞ்சலாம், சண்டையும் போடலாம். ஓட்டே இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போட்டியாகாது. எதிராளி மைதானத்துக்கு வராமல் பார்த்துக்கொள்கிறவன் ஜெயித்ததாக எந்த ஊரிலும் ஒப்புக்கொள்வதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைத்தான் கட்சிகள் பேசுவதில்லை. தன் கட்சிக்கு ஓட்டுப் போடும் வீட்டில் தாத்தா இறந்து மூன்று வருஷமாயிற்று என்று முகவருக்குத் தெரியும். பெயர் பட்டியலில் இருந்தால் யாராவது போய்க் குத்திவிட்டு வரலாம். அதைச் சொல்லாமல் விடுவதும், எதிர்ப்பக்கத்து ஆள் உயிரோடு இருப்பதைச் சொல்லாமல் விடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். பட்டியலைப் பற்றித் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பதற்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. முகவரின் மௌனத்துக்குத் தண்டனை எழுதிய பிரிவு அதில் இல்லை.

அமெரிக்காவில் வாக்காளர் பதிவு இயக்கம் நடத்துகிற அமைப்புகளுக்குப் பல மாநிலங்களில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வாங்கிய படிவத்தைக் குறித்த காலத்துக்குள் ஒப்படைத்தே ஆக வேண்டும், விண்ணப்பித்தவர் எந்தக் கட்சி என்று பார்த்து நிறுத்திவைக்கக் கூடாது. வாங்கிய பிறகுதான் அந்தச் சட்டம் பேசும். வாங்காமலே தாண்டிப் போகிறவரை அந்தச் சட்டத்தாலும் பிடிக்க முடியாது.

முகவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வீட்டை ஓட்டாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது கட்சி. பூத் கமிட்டி போடுவது, வீடு வீடாகப் பட்டியல் எடுப்பது, நம்ம வீடு, அவங்க வீடு, சந்தேக வீடு என்று குறி போடுவது என எல்லாம் மேலிருந்து வருகிற வேலை. அதே பட்டியல்தான் தேர்தலுக்கு முந்தைய இரவில் பணக் கவர் போய்ச் சேர வழி காட்டுகிறது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும் 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலையும் பணப் பட்டுவாடாவுக்காக ரத்து செய்ய வேண்டிவந்தது. வேலூர் களம்பூருக்குத் தொலைவில்லை. 2025 ஜூலையில் தி.மு.க. வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தபோது, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்குவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. அறிமுகமான முகம் என்று வாசலில் திறக்கிற கதவுக்கு எத்தனை பலம் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

உழைத்தவருக்குக் கட்சி திருப்பிக் கொடுப்பது என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016-இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் பேரூராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஓடித் திரிந்த அடிமட்டத் தொண்டருக்கு நிற்க ஒரு வார்டுகூட இல்லாத காலம் அது. தேர்தல் வந்தபோது மாநிலத்தின் 490 பேரூராட்சிகளில் மட்டும் 7,621 வார்டுகள். ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டு, ஒற்றை இலக்க வித்தியாசத்தில் முடிவான இடங்கள் பல. அங்கே விடுபட்ட ஒரு வீடு என்பது ஒரு கவுன்சிலர் பதவி. உள்ளாட்சிப் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2022-இல் பதவி ஏற்றவர்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. நவம்பரில் தாண்டிப் போன வாசலின் பலன் சட்டமன்றத் தேர்தலோடு தீராது. சீட்டுக்காகக் காத்திருக்கும் தொண்டரின் ஆசை மிகவும் பலமாக இருக்கும் இடமும் இதுதான்.

இதைத் தொண்டரின் மனச்சாட்சியிடம் மட்டும் விட்டுவிட முடியாது. கட்சிகள் செய்யக்கூடியது உண்டு. பாக முகவருக்குக் கொடுக்கிற உத்தரவிலேயே, கேட்ட எந்த வாக்காளருக்கும் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதலாம். பேரூர் செயலாளர் கேட்கிற கணக்கு நம்ம ஓட்டு எத்தனை என்பதோடு நிற்காமல், தெருவில் விடுபட்டவர் எத்தனை என்றும் இருக்கலாம். எல்லாக் கட்சி முகவர்களும் சேர்ந்து விடுபட்டோர் பட்டியலை ரேஷன் கடை வாசலில் ஒட்டிவிட்டால் மௌனத்துக்கு இடமே இருக்காது, ஏனென்றால் அந்த வரிசையில் எல்லாக் கட்சி வீட்டுக்காரர்களும் நிற்கிறார்கள்.

கடினமான ஒரு வாசல் மிச்சம் இருக்கிறது. தமிழ்நாடெங்கும் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். இவர்கள் இங்கே வாக்காளராக வேண்டுமா என்பதில் கட்சிகளுக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. ஒரு முகவர் கொள்கையாகவே அதை எதிர்க்கலாம், அந்த எதிர்ப்பை மதிக்கலாம். சட்டம் கேட்பது அந்த நபர் அந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிப்பவரா என்பதை மட்டும். இல்லை என்று முகவர் நம்பினால் படிவம் 7-இல் தன் பெயரைப் போட்டு ஆட்சேபிக்கட்டும், அந்தக் குடும்பம் பதில் சொல்லட்டும், அதிகாரி இருவரையும் வைத்து விசாரிக்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாதவர் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நீட்டி எங்கே எழுதுவது என்று கேட்கும்போது தெரியாத மாதிரி நகர்ந்துவிடுவது அந்த ஆட்சேபனையின் இடத்தில் நிற்காது. கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடிகிற எதிர்ப்புக்குத்தான் கொள்கை என்ற பேர் தகும்.